இரவல் பெயர்

உழவு மாடு ஒன்றின் கழுத்தில் வெண்கல மணி தொங்கியது. மாடு வயலெல்லாம் உழுதது. மணியோ போகிற வழியெல்லாம் ‘நான் உழுதேன், நான் உழுதேன்’ என்று சொல்லிக்கொண்டே போனது. ஊர் மணியின் பேச்சைத்தான் கேட்டது. மாட்டுக்கு ஏது பேச்சு? அறுவடை முடிந்ததும் மணிக்கு மாலை போடுவது என்று முடிவாயிற்று. ஆனால் சபையிலிருந்த ஒரு சந்தேகப் பிராணி, ‘உழுதது மணிதான் என்றால் சபை நடுவே ஒருமுறை ஒலித்துக் காட்டட்டும்’ என்று சொல்லிவிட்டது. அன்று சாயங்காலம் மணி, மாட்டின் காதோரம் குழைந்து கேட்டது: ‘நாளைக்கு மட்டும் எனக்காகக் கழுத்தைக் கொஞ்சம் ஆட்டிக்கொடுப்பாயா?’

மாடு என்ன பதில் சொல்லிற்று என்பதைக் கதை சொன்னவர்கள் சொல்லாமலே விட்டுவிட்டார்கள். மாட்டுக்கு ஒரு பெண்டாட்டி இருந்திருந்தால் அவளிடம் கேட்டிருக்கலாம். ஆயிரப்பேரி என்ற ஊரின் முப்பிடாதியம்மாள் அப்படிப்பட்ட பெண்டாட்டிதான்.

ஆனி பிறந்து பத்து நாளாகச் சாரல் விட்டபாடில்லை. நனைந்த பீடி இலையின் வாடையும் ஈரச் சுவரின் வாடையும் வீட்டுக்குள் ஒன்றாகக் கிடந்தன. முப்பிடாதி வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து, மடியில் முறத்தை வைத்து, பீடி இலையில் தூளைப் போட்டுச் சுருட்டி, நூல் கட்டி, தலையை மடக்கிப் போட்டுக்கொண்டிருந்தாள். கொல்லைப்புறத்தில் அவள் புருஷன் இருமிக்கொண்டிருந்தார். அது தொண்டையில் பிறக்கிற இருமல் அல்ல. பானையின் அடியில் ஒட்டியதை இரும்புக் கரண்டியால் சுரண்டுவது போல நெஞ்சின் அடியிலிருந்து சுரண்டிக்கொண்டு வரும். கடைசியில் ஒரு துப்பல். அதன்மேல் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றிவிட்டுத்தான் அவர் உள்ளே வருவார். ஊற்றாவிட்டாலும் அவளுக்குத் தெரியும், அது சாம்பல் நிறம் என்று.

கிழக்குக் கடற்கரையில் இருந்த ஒரு அனல்மின் நிலையத்தில் இருபத்தோரு வருடம் அவர் சாம்பல் பிரிவில் ஒப்பந்தக் கூலி. எரிந்த நிலக்கரியின் சாம்பல் இறங்குகிற தொட்டி அடைத்துக்கொண்டால், நீளக் கம்பியால் குத்தி இறக்கிவிட வேண்டும். குத்தும்போது சூடாக மேலே கொட்டும். பதினைந்து நாளைக்கு ஒருமுறை ஊருக்கு வருவார். ஒரு மூட்டை அழுக்குத் துணியும் வரும். சோப்பு நுரைக்காது. தண்ணீர் சிமெண்டுக் குழம்பு போல ஓடும். அடித்துத் துவைத்த துணியைக் கொடியில் போட்டால் காய்ந்த பிறகு விறைத்துக்கொண்டு நிற்கும், உள்ளே ஒரு ஆள் இருப்பது போல. நாடு நிலக்கரியை விட்டுக் காற்றுக்கும் வெயிலுக்கும் மாறுகிறது என்று சொல்லி, போன மாசியில் நிலையத்தை மூடினார்கள். நல்ல காரியம் என்றுதான் முப்பிடாதி நினைத்தாள். அந்தத் துணியைத் துவைத்த எவளும் வேறு மாதிரி நினைத்திருக்க மாட்டாள்.

திங்கட்கிழமை சாம்பல் பிரிவின் மேற்பார்வையாளர் ஸ்டான்லி தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்ன செய்திதான் வீட்டின் நிம்மதியைக் கெடுத்தது. மூடிய கம்பெனியே இப்போது தென்காசிப் பக்கம் காற்றாலைகளைப் பராமரிக்கும் வேலையை எடுத்திருந்தது. சாம்பலில் பத்து வருடத்துக்கு மேல் நின்ற ஒவ்வொருவரின் பிள்ளைகளிலும் ஒருவருக்கு அங்கே நிரந்தர வேலை. பட்டியலில் போலிப் பெயர்கள் இருக்கும் என்பது கம்பெனிக்குத் தெரியும். அதனால் வெள்ளிக்கிழமை தென்காசியில் ஒரு கல்யாண மண்டபத்தில் நெஞ்சுச் சோதனை. குழாயில் ஊத வேண்டும். சாம்பல் தின்ற நெஞ்சு என்று எந்திரம் சொன்னால் வேலை உறுதி.

மகள் சத்யபிரியா மின்சாரப் பிரிவில் டிப்ளமோ முடித்துவிட்டு, தென்காசியில் ஒரு ஜவுளிக் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தாள். நெஞ்சு அவள் அப்பாவுடையது. அதில் சந்தேகமே இல்லை. பெயர்தான் அவருடையது இல்லை. பட்டியலில் இருந்த பெயர் நம்பிராஜன். நம்பிராஜன் முப்பிடாதியின் கூடப்பிறந்த அண்ணன்.

அந்த வேலைக்கு முதலில் ஏற்பாடு ஆனது அண்ணனுக்குத்தான். போலீஸ் விசாரணை முடிந்து, நிலையத்துக்குள் போவதற்கான வாயில் பாஸும் வந்துவிட்டது. நான்காம் நாளே, ‘சுடுகாட்டுல வெட்டியானுக்குக்கூட இம்புட்டுச் சாம்பல் கெடையாது’ என்று சொல்லிவிட்டு அவர் ஓடி வந்துவிட்டார். அந்த இடத்துக்குப் போக முப்பிடாதியின் புருஷன் தயார், ஆனால் அவர் பெயரில் புதுப் பாஸுக்கு நான்கு மாதம் ஆகும். அப்போது முப்பிடாதிதான் புருஷனிடம் சொன்னாள்: “அண்ணன் பாஸு சும்மாதான கெடக்கு. நாலு மாசத்துக்கு அதுல போயிட்டு வாங்க.” அவளுக்கு அது தப்பாகவே தெரியவில்லை. பீடிக் கடையில் பாஸ்புத்தகம் கிடைக்காத பெண்கள் இன்னொருத்தியின் புத்தகத்தில் பீடி போடுவது அந்த வட்டாரத்து வழக்கம். அவளே பக்கத்துத் தெரு ஹைருன் பீவியின் பெயரில் ஒன்பது வருடம் பீடி சுற்றியவள். செருப்பை இரவல் வாங்குவது போல, பெயரையும் இரவல் வாங்கலாம் என்று நம்பினாள். நான்கு மாதம் இருபத்தோரு வருடம் ஆயிற்று. பிறகு கைரேகை எந்திரம் வந்தபோது ஒப்பந்ததாரர் அவருடைய விரலை வைத்து, நம்பிராஜனின் பெயரை எழுதி, காரியத்தை முடித்துக்கொண்டார். நிலையம் மூடியதும் அந்த எந்திரமும் பழைய இரும்புக்குப் போயிற்று.

இதில் இன்னொன்றும் உண்டு. புருஷன் பெயரை முப்பிடாதி ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால் அட்டையை நீட்டுவாள். மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது அங்கே நின்ற ஊர்ப் பெரியவர் ஒருவரைப் பெயரைச் சொல்லச் சொன்னாள். ‘இவிய’, ‘அவிய’ என்பதிலேயே குடும்பம் நடந்துவிட்டது. வேலை இடத்தில் எல்லோரும் அவரை நம்பி என்று கூப்பிட்டார்கள். பெற்றவளும் போய்ச் சேர்ந்த பிறகு, அவருடைய சொந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்ல உலகத்தில் ஆளே இல்லாமற் போயிற்று.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் கஞ்சியும் கானப்பயற்றுத் துவையலும் வைத்துக்கொண்டு புருஷனும் பெண்டாட்டியும் உட்கார்ந்திருந்தபோது நம்பிராஜன் வந்தார். ஆளுக்கு முன்னால் வாடை வந்தது. ஐந்தருவியில் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடும் கடை அவருக்கு. பச்சிலை எண்ணெய், ஊரான் உடம்பு, சோப்புப் பொட்டலம் எல்லாம் சேர்ந்த வாடை. ஐம்பத்திரண்டு வயதிலும் முகம் தேய்த்த செம்புச் சொம்பாக மின்னிற்று. கையில் ஒரு பை மங்குஸ்தான் பழம்.

“மாப்ளைக்கு இருமல் எப்பிடி இருக்கு?” என்று கேட்டுக்கொண்டே உட்கார்ந்தார்.

“கொறையல மச்சான்” என்றார் அவர்.

“நல்லது” என்றார் நம்பிராஜன். பிறகு சுதாரித்துக்கொண்டு, “நல்ல டாக்டராப் பாக்கணும்னு சொல்லுதேன்” என்றார்.

முப்பிடாதி கஞ்சிச் சட்டியை மூடினாள். “ஸ்டான்லி ஒங்களுக்கும் போன் போட்டானா அண்ணே?”

“எனக்குத்தானட்டி மொதல்ல போட்டான். பேரு என்னுதுல்லா. கேளு. வெள்ளிக்கிழம நான் ஆதார் கார்டக் காட்டி டோக்கன் வாங்கிருவேன். டோக்கன மாப்ள கையில குடுத்துருவேன். உள்ள போயி மாப்ள ஒரு ஊது ஊதணும். அம்புட்டுத்தான். ஸ்டான்லி கண்டுக்கிட மாட்டான்.”

“ஊதுனா?”

“வேல.”

“யாருக்கு?”

நம்பிராஜன் மங்குஸ்தான் ஒன்றை எடுத்து இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து நசுக்கினார். வெள்ளைச் சுளை வெளியே வந்தது. “நம்பிராஜன் மவனுக்கு. சட்டம் அப்பிடித்தான இருக்கு? நம்ம குற்றாலீஸ்வரனுக்கு.”

குற்றாலீஸ்வரன் சீசனில் கார் நிறுத்துகிற இடத்தில் சீட்டுக் கிழிப்பவன். மற்ற ஒன்பது மாதமும் உறங்குவான்.

“எம்மவ கரண்டுக்குப் படிச்சிட்டுச் சேலைக்குப் பில்லு போட்டுக்கிட்டு இருக்கா” என்றாள் முப்பிடாதி. “இவிய நெஞ்ச வச்சி ஒங்க மவனுக்கு வேலயா?”

“அவசரப்படுதியே. நான் அப்பிடி விட்டுருவேனா? யோசிச்சித்தான் வந்திருக்கேன். சத்யாவ அவனுக்குக் கட்டிவச்சிருவோம். மொறை இருக்கு. வேல யாருக்குக் கெடச்சா என்ன, சோறு ரெண்டு பேருக்கும் ஒரே பானையிலதான வேவும்? கல்யாணச் செலவு முழுக்க என்னுது.” பிறகு புருஷன் பக்கம் திரும்பினார். “மாப்ள என்ன சொல்லுதிய? நான் அன்னைக்குப் பேரு குடுக்கலன்னா இந்த வீட்டுல அடுப்பு எரிஞ்சிருக்குமா? நான் அதச் சொல்லிக்காட்டுதவன் இல்ல.”

“சொல்லிக்காட்டல. சும்மா சொல்லுதிய” என்றாள் முப்பிடாதி.

அவள் புருஷன் கஞ்சியில் விரலை வைத்துக் கலக்கிக்கொண்டிருந்தார். “மச்சான் சொல்லுதது ஒரு வகையில சரிதான்” என்றார். வாழ்நாளில் யார் எதைச் சொன்னாலும் அது ஒரு வகையில் சரியாகத்தான் அவருக்குப் பட்டது.

சாப்பாட்டுக்கு வந்திருந்த சத்யபிரியா நனைந்த குடையோடு வாசலில் நின்று முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்தாள். “மாமா, ஒரு சந்தேகம்” என்றாள்.

“கேளு தாயி.”

“காத்தாடி எம்பது மீட்டரு ஒசரம். உள்ளுக்குள்ள ஏணியிலதான் ஏறணும். ஒங்க மவன் போன வருசம் சைக்கிள்லருந்து விழுந்ததுக்கே ஒரு மாசம் கட்டுப் போட்டுக் கெடந்தாரு. அவரு எப்பிடி மேல போவாரு?”

“அவன் எதுக்கு ஏறணும்? நீதான் கரண்டு படிச்சவ. கூடப் போயி நீ ஏறு. கையெழுத்து அவன் போடட்டும்.”

முப்பிடாதி மனசுக்குள் கணக்குப் பார்த்தாள். அப்பன் சாம்பலைத் தின்ன, அண்ணன் பெயரில் சம்பளப் பதிவு ஓடியது. இனி மகள் கம்பத்தில் ஏற, அண்ணன் மகன் பெயரில் வேலை ஓடும். ஒரு வீட்டு உழைப்பை இன்னொரு வீட்டுப் பெயர் தலைமுறை தலைமுறையாக உட்கார்ந்து தின்ன, அதற்கு மஞ்சள் தடவிப் பத்திரிகையும் அடிப்பார்கள். அண்ணனின் விரலில் வழிந்த பழச்சாறு சளி போலத் தெரிந்தது.

“எனக்கு அந்த வேலையும் வேண்டாம், ஒங்க மவனும் வேண்டாம் மாமா” என்று சொல்லிவிட்டுச் சத்யபிரியா குடையை உதறினாள். துளிகள் அவர் சட்டையில் தெறித்தன.

“சின்னப்புள்ள, தெரியாமப் பேசுது” என்றார் நம்பிராஜன். எழுந்து போகும்போது, “மாப்ள, அதுவரைக்கும் இருமலுக்கு மருந்து கிருந்து ஒண்ணும் சாப்பிட்டுறாதிய” என்று அன்போடு சொன்னார்.

“சாப்பிட்டுக் கொறஞ்சிட்டா ஒங்களுக்குத்தான நட்டம்” என்றாள் தங்கை. அவர் அதைக் கேட்காதது போல நடந்தார். பழத்தை அந்த வீட்டில் யாரும் தொடவில்லை, எறும்பு தின்றது.

மறுநாள் முழுவதும் முப்பிடாதி புருஷனிடம் பேசிப் பார்த்தாள். “அங்கன போயி ஒங்க பேரச் சொல்லுங்க. இருபத்தோரு வருசம் நின்னது நாந்தான்னு சொல்லுங்க.”

“சொன்னா ரெண்டு வீட்டுக்கும் இல்லாமப் போயிருமே. ஒங்கண்ணன் என்ன நெனைப்பாவ?”

“அவிய நெனைக்கது கெடக்கட்டும். நீங்க என்ன நெனைக்கிய?”

“சரி, சொல்லுதேன்” என்றார். அதுவும் ஒரு வகையில் அவருக்குச் சரியாகப் பட்டிருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை மண்டபத்து வாசலில் வாழை மரம் கட்டியிருந்தது. மேடையின் பின்னால் பச்சை வயலும் நீல வானமும் காற்றாலைகளுமாக ஒரு பெரிய பதாகை. அதில் ஒரு சாம்பல் தொழிலாளி முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான். கீழே நாற்காலிகளில் உட்கார்ந்திருந்த நிஜத் தொழிலாளிகள் நூறு பேரும் மாறி மாறி இருமிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் நிறுத்தினால் இன்னொருவர் எடுத்துக்கொண்டார். குளத்தில் தவளை கத்துவது போல அது ஓயாமல் நடந்தது. ஆளுக்கொரு தட்டில் லட்டும் மிக்சரும் கொடுத்தார்கள். லட்டை வாயில் போட்டவர்களுக்கு இருமல் புரையேறி, மஞ்சள் பூந்தி தரையெங்கும் சிதறியது. கம்பெனிக்காரர் ஒருவர், “கரி என்பது நேற்று, காற்று என்பது நாளை” என்று பேசினார். இன்று என்பதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

நம்பிராஜன் சலவைச் சட்டையில் வந்து, ஆதாரைக் காட்டி டோக்கன் வாங்கி, மாப்பிள்ளையின் கையில் அழுத்தினார். அதற்குள் புகைப்படக்காரர் ஒருவர் அவரைப் பிடித்துக்கொண்டார். பத்து பேரை மேடையில் நிறுத்திப் படமெடுக்க வேண்டுமாம்.

“அண்ணாச்சி, மூஞ்சி ரொம்பப் பளபளன்னு இருக்கு. சாம்பல்ல நின்ன ஆளு மாதிரி இல்ல. கொஞ்சம் கரி இருந்தா நல்லாருக்கும்.”

“அதுக்கென்ன” என்றார் நம்பிராஜன். சமையற்கட்டில் சாம்பார்ச் சட்டியின் அடிக்கரியை வழித்துக்கொண்டு வந்து கன்னத்திலும் நெற்றியிலும் பூசினார்கள். எண்ணெய் ஊறிய தோலில் கரி வழுக்கிக்கொண்டு பரவிற்று. அவர் கையை மார்பில் கட்டி, தலையைச் சாய்த்து, துக்கமான ஒரு முகம் வைத்தார். பளிச் பளிச்சென்று விளக்கு அடித்தது.

முப்பிடாதி கீழே நின்று பார்த்தாள். சாம்பல் தொட்டியில் நின்றவன் கறுக்க மாட்டான். வெளுத்துப் போவான். கண்ணும் வாயும் தவிர, சுடலைமாடன் கோயில் கொடை விழாவில் திருநீற்றில் புரண்டு எழுந்து சாமியாடும் கோமரத்தாடி போல வெள்ளையாக நிற்பான். முதல் மாதம் பேருந்திலிருந்து இறங்கிய புருஷனைப் பார்த்து அவள் பயந்து அலறியிருக்கிறாள். வேஷம் போடுகிறவனுக்கு அந்த வேஷத்தின் நிறங்கூடத் தெரியவில்லை. முப்பிடாதி புருஷனைக் கூட்டிக்கொண்டு சோதனை அறைக்கு நடந்தாள்.

சோதனை அறையில் கடையநல்லூர் நிலோபர் என்ற இளம் செவிலி உட்கார்ந்திருந்தாள். டோக்கனை வாங்கி, எழுதிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்: “பேரு?”

“நம்பிராஜன்” என்றார் அவர்.

யோசித்துச் சொன்ன பொய் இல்லை அது. வரிசையில் நின்று, சீட்டை நீட்டி, ‘பேரு?’ என்று கேட்டால் நாக்கு இருபத்தோரு வருடம் எதைச் சொல்லிற்றோ அதையே சொல்லிற்று. சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. பயந்த கண்ணால் பெண்டாட்டியைப் பார்த்தார்.

“நல்லா இழுத்து ஊதுங்கப்பா” என்றாள் நிலோபர். அவர் ஊதினார். ஊதி முடிக்குமுன் இருமல் அவரை இரண்டாக மடித்தது. இன்னொரு முறை. மூன்றாம் முறை. எந்திரத்திலிருந்து வந்த தாளைப் பார்த்ததும் நிலோபரின் முகம் மாறியது. “இம்புட்டு மோசமா இருக்கே. எத்தன வருசமா இப்பிடி?” என்று கேட்டுக்கொண்டே தாளின் தலையில் ‘நம்பி’ என்று எழுதத் தொடங்கினாள்.

“அந்தப் பேர எழுதாதம்மா” என்றாள் முப்பிடாதி.

“ஏன்? அவருதான சொன்னாரு.”

“அது எங்க அண்ணன் பேரு. அண்ணன் மேடையில கரி பூசிக்கிட்டு நிக்காவ. இவிய பேரு வேற.”

“என்ன பேரு?”

முப்பிடாதி புருஷனைப் பார்த்தாள். அவர் பேச வாயெடுத்தார், இருமல்தான் வந்தது. கதவோரம் ஸ்டான்லி வந்துவிட்டிருந்தான். சுற்றிலும் ரேஷன் அட்டையும் இல்லை, சொல்லித் தர ஒரு பெரியவரும் இல்லை. அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

“பாண்டித்துரை” என்றாள்.

தாளின் தலையில் விரலை வைத்து மறுபடியும் சொன்னாள்: “பாண்டித்துரை. எழுது.”

“அக்கா, கொஞ்சம் இங்கன வாங்க” என்றான் ஸ்டான்லி. “நீங்க சும்மா இருந்தா ஒரு வீட்டுக்காவது வேல கெடைக்கும்.”

“எந்த வீட்டுக்கு?”

அவன் குரலைத் தாழ்த்தினான். “அந்தப் பேருல ரெக்கார்டே கெடையாதுக்கா. பாண்டித்துரைன்னு ஒரு ஆளு கேட்டத் தாண்டி உள்ள வந்ததே இல்லன்னுதான் கம்பெனி சொல்லும்.”

“வந்ததே இல்லையா?” முப்பிடாதி அந்தத் தாளைக் காட்டினாள். “அப்ப இந்த நெஞ்சுக்குள்ள கெடக்கது எந்த ஊருச் சாம்பல்னு நீயே சொல்லு தம்பி. ஒரு நாளாவது கூட நின்னவந்தான நீயி?”

ஸ்டான்லியும் இருமினான்.

“பேர மாத்துனா டோக்கன் செல்லாதும்மா” என்றாள் நிலோபர். “வேலைக்கு இத வச்சிக் கேக்க முடியாது. நல்லா யோசிச்சிக்கிடுங்க.”

“செல்லாண்டாம்.”

நிலோபர் தாளில் அடித்துவிட்டுப் புதிதாக எழுதினாள். “இதக் கொண்டு திங்கக்கெழம பெரியாஸ்பத்திரிக்கு வாங்க. வைத்தியமாவது பாக்கலாம்.”

வெளியே வந்தபோது, கரி வழிந்த முகத்தோடு நம்பிராஜன் குறுக்கே வந்து நின்றார். ஸ்டான்லி சொல்லியிருந்தான். “ஏட்டி, ஒனக்கும் இல்லாம எனக்கும் இல்லாம ஆக்கிட்டியே. கூடப்பொறந்தவன் பேரக் கெடுத்திட்டியே.”

முப்பிடாதி தன் முந்தானை நுனியை எடுத்து அவர் கையில் வைத்தாள். “பேருக்கு ஒண்ணும் ஆவல. இருபத்தோரு வருசம் பத்திரமா வச்சிருந்து திருப்பித் தந்தாச்சி. மூஞ்சத் தொடைச்சிக்கிடுங்க அண்ணே, சாம்பார் வாடை அடிக்கி.”

அவர் முந்தானையை உதறினார். அதில் கரி ஒட்டிக்கொண்டது. அன்று துவைத்தபோது ஒரே அலசில் போய்விட்டது.

அந்த வேலை சத்யபிரியாவுக்குக் கிடைக்கவில்லை. சனிக்கிழமை அவள் வழக்கம்போல ஜவுளிக் கடைக்குப் போனாள். போகும் வழியில் பேருந்துச் சன்னலுக்கு வெளியே காற்றாலைகள் சுற்றிக்கொண்டே இருந்தன. அவள் மறுபக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். மின் நிலையம் தன் உழைப்பாளிக்கு அவருடைய சொந்தப் பெயரில் கொடுத்தது அந்த ஒரே தாள்தான். அதிலும் இருந்தது, நெஞ்சு எவ்வளவு கெட்டுப்போயிற்று என்ற கணக்கு.

திங்கட்கிழமை பெரியாஸ்பத்திரியில் நெஞ்சு நோய்ப் பிரிவின் முன்னால் நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவரும் முப்பிடாதியும் சுவரோரப் பெஞ்சில் இருந்தார்கள். உள்ளிருந்து ஒரு பணியாளர் வந்து தாளைப் பார்த்துக் கூப்பிட்டார்.

“பாண்டித்துரை.”

யாரும் எழவில்லை.

“ஆயிரப்பேரி பாண்டித்துரை. யாருப்பா அது? வந்திருக்காரா இல்லையா?”

பெஞ்சிலிருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கூப்பிட்ட பிறகும் எழாத அந்த ஆள் எவன் என்று, அவரும் கழுத்தை நீட்டி எல்லோரையும் போலத் தேடிப் பார்த்தார்.

முப்பிடாதி அவர் முழங்கையைத் தொட்டாள். “ஒங்களத்தான்” என்றாள்.